எண்சாண் உடம்பும் ஒரு சாண் இடைவெளியும்

கார் பக்கவாட்டில் சறுக்கி மரத்திலோ கம்பத்திலோ மோதும்போது உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது? கட்டுமாவடி வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு பார்வை.

‘ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்த கார் சாலையோரப் புளியமரத்தில் மோதி அப்பளம்போல் நொறுங்கியது.’

நாளிதழ் படிக்கும் தமிழர் எவருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். ஊர்ப் பெயரும் இறந்தவர்களின் எண்ணிக்கையும்தான் மாறும். தவறு ஓட்டுநருடையது, நொறுங்கியது கார், நின்ற இடத்தில் நின்றது மரம். அத்தோடு செய்தி முடிந்துவிடும்.

அந்த வாக்கியத்தில் இல்லாத விவரங்கள் மூன்று. காரின் எந்தப் பக்கம் மரத்தில் பட்டது? தார் விளிம்பிலிருந்து மரம் எத்தனை அடி தள்ளி நின்றது? உள்ளே யார் எந்த இருக்கையில், பெல்ட் போட்டா போடாமலா உட்கார்ந்திருந்தார்கள்? பிழைத்தவர் ஏன் பிழைத்தார், இறந்தவர் ஏன் இறந்தார் என்பதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் பதில் இருக்கிறது.

கட்டுமாவடி விலக்கில்

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடக்கு முனை கட்டுமாவடி. வடக்கே போனால் தஞ்சாவூர் மாவட்டத்துச் சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம். தெற்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், அதற்கப்பால் தொண்டி. உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்தில் இந்தக் கடற்கரைச் சாலையைத் துண்டு போட்டபோது, நாகப்பட்டினம் முதல் கட்டுமாவடி வரை ஒரு துண்டு, கட்டுமாவடி முதல் ராமநாதபுரம் வரை மறு துண்டு என்று பிரித்தார்கள். மீன் வண்டிக்காரர்களைத் தவிர வெளியூர்க்காரர்கள் அதிகம் நிற்காத இந்த ஊர், பொறியாளர்களின் வரைபடத்தில் ஓர் எல்லைக் கல்.

நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், ஏர்வாடி. மூன்று மதத்தாரின் நேர்த்திக்கடனும் இந்த ஒரே சாலையில் ஓடுகிறது. ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேறினால் ஒரு கூட்டம், ஆடி அமாவாசைக்கு இன்னொரு கூட்டம். விடியலுக்குள் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட வேண்டும் என்று ராத்திரியே கிளம்பி வருகிற குடும்பக் கார்கள். முன் சீட்டில் பேச்சுத்துணைக்கு ஒருவர். பின் சீட்டில் பாட்டி, மடியில் குழந்தை, கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் அக்கா. எதிரே மீன் ஏற்றிய வண்டிகளின் வெளிச்சம்.

இந்தத் தடத்தில் இரவு மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரையிலான நேரத்தை ஓட்டுநர்கள் அறிவார்கள். கண் திறந்திருக்கும், ஆள் தூங்கியிருப்பார்.

கார் எப்படிப் பக்கவாட்டில் போகிறது?

நேராகப் போகிற கார் மூக்கால்தானே இடிக்க வேண்டும்? கதவு எப்படி மரத்தைத் தேடிப் போகிறது? அதற்குப் பாதை போட்டுக் கொடுப்பது, பெரும்பாலும், ஒரு நொடி தூக்கமும் அடுத்த நொடிப் பதற்றமும்.

கண் செருகும்போது கார் மெல்ல இடப்பக்கம் ஒதுங்குகிறது. இடது சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்குகின்றன. தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நாலைந்து விரல்கடைப் பள்ளம் இருந்தால் ‘தடக்’கென்று ஒரு சத்தம். ஓட்டுபவர் விழித்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெடுக்கென்று ஒடிக்கிறார். முன்சக்கரம் தாரின் விளிம்பைப் பற்றி ஏறிய கணத்தில் காரின் முகம் வலப்பக்கம் திரும்பிவிடும். ஆனால் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட எடையின் ஓட்டம் இன்னும் பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். முகம் ஒரு பக்கம், ஓட்டம் இன்னொரு பக்கம். இப்போது காரை முன்னின்று நடத்திச் செல்வது இடப்பக்கக் கதவு.

நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். ஆகவே வலப்பக்கம் ஒடித்துச் சறுக்கும் காரில், மரத்துக்கு முதலில் கொடுக்கப்படுவது பேச்சுத்துணைக்கு உட்கார்ந்தவரின் இருக்கை. பதறிய கை மறுபடி இடப்பக்கம் ஒடித்தால் கதை தலைகீழாகும். அப்போது வலப்பக்கக் கதவு முன்னே போகும், ஓட்டுநர் சிக்குவார்.

இந்தச் சறுக்கலைத் தடுக்கிற கருவி ஒன்று உண்டு. கார் திரும்ப வேண்டிய அளவையும் திரும்புகிற அளவையும் ஒப்பிட்டு, தேவைப்படும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டு முகத்தை நேராக்கும் ‘இ.எஸ்.சி.’. 1995-ல் விலை உயர்ந்த ஜெர்மன் காரில் வந்தது, அமெரிக்காவில் 2012 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். கார் வாங்கப் போகிற நம்மில் எத்தனை பேர், சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்கிறோம்?

ஒரு சாண் கணக்கு

காரின் முன்பக்கம் இடித்தால் பம்பர், ரேடியேட்டர், இன்ஜின், அதன் பின்னால் தடுப்புச் சுவர் என்று அரை மீட்டருக்கும் மேல் நசுங்கக் கொடுக்க இடம் இருக்கிறது. நசுங்குவது என்பது வாகனப் பொறியாளரின் மொழியில் நல்ல சொல். தகரம் நசுங்க எடுத்துக்கொள்ளும் நேரமே மனிதனுக்குக் கிடைக்கும் நேரம். ஆகவே ‘அப்பளம்போல் நொறுங்கிய’ முன்பக்கம் சில சமயம் உள்ளிருப்பவரைக் காப்பாற்றிய முன்பக்கமாகவும் இருக்கும்.

பக்கவாட்டில் அந்த வசதி இல்லை. வெளித் தகடு, கண்ணாடி இறங்கும் பள்ளம், குறுக்கே ஓர் எஃகுக் குழாய், பிளாஸ்டிக் உறை. அதற்கு உள்ளே உங்கள் விலா எலும்புக்கும் கதவுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு சாண்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 29 கிலோமீட்டர் என்பது சைக்கிளை மூச்சிரைக்க மிதித்தால் எட்டக்கூடிய வேகம். அந்த வேகத்தில் ஒரு சாண் தூரத்தைக் கடக்க ஒரு நொடியை முப்பத்தைந்து பங்காக்கினால் அதில் ஒரு பங்கு போதும். கண் இமைப்பதற்கே இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். 29 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, மூன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். 50 என்றால் சுமார் பத்து மீட்டர். 80 என்றால் இருபத்தைந்து மீட்டர், நல்ல தென்னையின் உச்சி. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்காகும்.

இதில் மரமும் கம்பமும் ஏன் தனி ரகம்? பக்கவாட்டில் இன்னொரு கார் வந்து இடித்தால், அந்தக் காரின் முகம் ஒன்றரை மீட்டர் அகலம். அந்த விசையைக் கதவுக்குக் கீழுள்ள சட்டமும் இரு கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணும் கூடிப் பங்கிட்டுக்கொள்ளும். இடித்த காரும் நசுங்கிக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கம்பம் எதையும் வாங்கிக்கொள்ளாது. முழு வண்டியின் எடையும் ஒரு முழத்துக்கும் குறைவான அகலத்தில் வந்து குவிகிறது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே, கதவின் மெல்லிய வயிற்றில் அது இறங்குகிறது. கார் அப்பளமாக நொறுங்குவதைவிட, முறித்த வாழைமட்டை மாதிரி கம்பத்தைச் சுற்றி மடிகிறது என்பதே சரி.

இன்னொரு வித்தியாசம் உயரம். இடிக்கிற காரின் பானெட் தோளுக்குக் கீழேயே நின்றுவிடும். மரம் தரையிலிருந்து கூரைக்கும் மேலே நிற்கிறது. கண்ணாடி உடைந்ததும் தலைக்கும் மரத்துக்கும் நடுவே காற்றைத் தவிர எதுவும் இல்லை. ‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்ற பழமொழியை இந்த மோதலைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கம்பத்தின் மீதான பக்கவாட்டு மோதலில் உயிர் பறிக்கிற காயங்களில் தலைக் காயம் முன்னால் நிற்கிறது.

அடுத்தது மார்பு. விலா எலும்புகள் வரிசையாக முறிந்து நுரையீரலைக் குத்தும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, அதிர்வின் இழுப்பில் கிழியலாம். அதற்குக் கீழே எந்தப் பக்கம் அடி என்பதைப் பொறுத்து உறுப்பு மாறுகிறது. இடப்பக்கம் இருப்பது மண்ணீரல், வலப்பக்கம் இருப்பது கல்லீரல். அதனால் நம் நாட்டுக் கார்களில் இடது கதவோரம் உட்கார்ந்தவருக்கு மண்ணீரலும், வலது கதவோரம் இருக்கும் ஓட்டுநருக்குக் கல்லீரலும் அடிபட வாய்ப்பு கூடுதல். பிறகு இடுப்பெலும்பு. அது உடைந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமல் உள்ளேயே லிட்டர் கணக்கில் கசியும்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் தப்பித்தாரா? முழுதாக இல்லை. தோள்வழி வரும் பெல்ட், முன்னால் பாயும் உடம்பைத்தான் இழுத்துப் பிடிக்கும். பக்கவாட்டில் சாயும் தோள் அதிலிருந்து நழுவும். இருவர் தலையும் ஒன்றோடொன்று மோதலாம். பெல்ட்டே போடாதவரோ அறுபது கிலோ மூட்டையாகப் பறந்து, கதவோரம் இருப்பவர்மேல் விழுவார். பின் சீட்டில் நால்வர் நெருக்கி உட்கார்ந்தால் கதவோரத்து ஆளுக்கு ஒரு பக்கம் மரம், மறுபக்கம் சொந்தக்காரர்கள்.

சோதனைக் கூடத்தில் ஒரு கம்பம்

நம் சட்டம் இந்த ஆபத்தை எப்படிப் பார்க்கிறது? 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லா மாடல்களுக்கும் பக்கவாட்டு மோதல் சோதனை கட்டாயம். ஆனால் அந்தச் சோதனையில் இடிப்பது 950 கிலோ எடையுள்ள, நசுங்கக்கூடிய அகன்ற முகம் கொண்ட தள்ளுவண்டி. அதாவது இன்னொரு காரின் நகல். மரத்தின் நகல் அங்கே இல்லை.

மரத்தின் நகல் வந்தது 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் ‘பாரத் என்கேப்’ மதிப்பீட்டில். பத்து அங்குலப் பருமனுள்ள இரும்புக் கம்பத்தின்மீது, மணிக்கு 29 கிலோமீட்டரில் கார் பக்கவாட்டாகத் தள்ளப்படுகிறது. மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வேண்டும் என்றால் தலையைக் காக்கும் பக்கவாட்டு ஏற்பாடும் இ.எஸ்.சி.யும் வேண்டும். ஆனால் இந்த மதிப்பீட்டுக்குக் காரைக் கொடுப்பது தயாரிப்பாளரின் விருப்பம்.

உலகம் இதில் கொஞ்சம் முன்னே போய்விட்டது. ஐரோப்பாவின் மதிப்பீட்டுத் திட்டம் 2000-த்திலேயே கம்பத்தை நட்டது. ஆஸ்திரேலியா முன்னின்று நடத்திய முயற்சியில் 2013-ல் ஐ.நா.வின் உலகளாவிய விதி ஒன்று உருவானது. கார் 75 பாகைக் கோணத்தில், மணிக்கு 32 கிலோமீட்டரில் கம்பத்தில் மோத வேண்டும். நிஜச் சறுக்கல் இப்படிச் சாய்வாகத்தான் வரும்.

இந்தச் சோதனைகளில் தலையைக் காப்பது கர்ட்டன் ஏர்பேக். கூரை விளிம்பிலிருந்து திரைச்சீலை இறங்குவதுபோல் இறங்கி, தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நிற்கும். வால்வோ 1994-ல் மார்பைக் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக்கையும், 1998-ல் இந்தத் திரையையும் கொண்டுவந்தது. 2006-ல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் வெளியிட்ட ஆய்வு, தலையையும் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால், தன் பக்கம் அடிபடும் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பு கார்களில் 37 சதவீதமும், எஸ்.யூ.வி.க்களில் 52 சதவீதமும் குறைகிறது என்றது.

இங்கே? ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் வரைவு 2022 ஜனவரியில் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 4-ல் மும்பைக்கு வரும் வழியில், சூர்யா நதிப் பாலத்துச் சுவரில் கார் மோதித் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தார்கள், முன் சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். நாடே பின் சீட் பெல்ட்டைப் பற்றிப் பேசியது. ஆறு ஏர்பேக் விதி 2023 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அந்தத் தேதி நெருங்கியபோது, கட்டாயமில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று விடப்பட்டது.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். அதே ஆண்டில் பெல்ட் போடாமல் இறந்த 16,715 பேரில் 8,331 பேர் பயணிகள். ‘ஓட்டுபவர் போட்டால் போதும்’ என்ற நினைப்பின் விலை அது.

புளியமரம் செய்த குற்றம் என்ன?

தமிழில் ‘அந்நியன்’ வழியாக நாம் அறிந்த ஆல்பெர் காம்யு 1960 ஜனவரி 4 அன்று பாரிஸுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஓட்டியவர் பதிப்பாளர் மிஷேல் கலிமார். காம்யு முன் சீட்டில். அகலமான, நேரான சாலை. கார் தடம் மாறி ஓரத்துப் பிளாட்டேன் மரத்தில் மோதியது. காம்யு அங்கேயே இறந்தார், கலிமார் சில நாள் கழித்து. ரயிலில் போக வாங்கிய டிக்கெட் காம்யுவின் பையில் இருந்தது. நிழலுக்காக வைத்த மரங்களை வெட்டுவதா விடுவதா என்று பிரான்ஸில் இன்றும் சண்டை ஓயவில்லை.

நமக்கும் அதே வழக்குதான். ராணி மங்கம்மாள் பெயரைச் சாலைகளோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிற ஊர் இது. மாட்டு வண்டிக்காரனுக்கு நிழல் தந்த புளிக்குப் பின்னாளில் எண் போட்டு, கறுப்பு வெள்ளை அடித்து, மகசூலை ஏலம் விட்டோம். மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு நட்ட மரத்தின் பக்கத்தில், நூறுக்குத் தார் போட்டோம். சாலை அகன்றது, மரம் நகரவில்லை. நேற்று பத்தடி தள்ளி நின்ற அடிமரம் இன்று வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

1960-களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் சோதனைத் தளத்தில் நடந்த ஆய்வுகள் ஓர் எளிய அளவைத் தந்தன. தடம் புரண்ட கார்களில் ஐந்தில் நான்கு, சாலை விளிம்பிலிருந்து முப்பது அடிக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த முப்பது அடியில் இடிக்க எதுவும் இல்லாவிட்டால், தூங்கியவர் புழுதியில் விழித்தெழுந்து வீடு போவார். ‘மன்னிக்கும் சாலையோரம்’ என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது.

முப்பது அடி நிலம் எடுக்க இங்கே முடியாது. வீடும் கடையும் தென்னந்தோப்பும் சாலையோடு ஒட்டி நிற்கின்றன. எல்லா மரத்தையும் வெட்டிச் சாய்க்கவும் முடியாது, வெட்டவும் கூடாது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, வெறிச்சோடிய வானத்தைப் பார்த்தவர்களுக்கு மரத்தின் அருமை தெரியும்.

வெட்டாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015-லேயே தடுப்பு வேலிகளுக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. வளைவுகளிலும், தாரை ஒட்டி நிற்கும் பழைய மரங்களுக்கு முன்னாலும் உலோகத் தடுப்பு போட்டால், கார் அதில் உரசிக்கொண்டு வழுக்கிப் போகும். கதவு மரத்தைச் சேராது. தடுப்பின் முனையை வெட்டிய ஈட்டிபோல் விடாமல் மண்ணில் இறக்கியோ வெளிப்பக்கம் வளைத்தோ முடிக்க வேண்டும். தாருக்கும் மண்ணுக்கும் உள்ள பள்ளத்தை மழைக்காலம் முடிந்ததும் நிரப்ப வேண்டும். ஒரு டிராக்டர் கிராவல் மண்ணில் ஒரு சறுக்கலின் முதல் ‘தடக்’ இல்லாமல் போகும். வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் பட்டால் அதிர்ந்து எழுப்பும் விளிம்புப் பட்டையும் அதே வேலை செய்யும்.

மரத்தைவிடக் கேட்பாரற்றவை பிற கம்பங்கள். மின்கம்பம், வளைவுத் தூண், குறும்பாலத்துக் கைப்பிடிச் சுவர், சிமென்ட் மேடை கட்டிய கட்சிக் கொடிக்கம்பம். பொது இடங்களில் உள்ள கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்டபோது, அதை அரசியலாகத்தான் எல்லோரும் விவாதித்தோம். வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. இரவு மூன்று மணிக்குச் சறுக்கும் காருக்கு அந்தக் கம்பத்தின் நிறம் தெரியாது. கஜாவில் விழுந்த மின்கம்பங்களை மீண்டும் நட்டதுபோல், இனி ஒவ்வொரு முறை கம்பம் மாற்றும்போதும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்: இதை இன்னும் ஐந்தடி தள்ளி நட முடியுமா?

உங்கள் கையில் இருப்பவை

*வாங்கும்போது:* ‘எத்தனை ஏர்பேக்’ என்பதோடு நிறுத்தாமல், ‘கர்ட்டன் ஏர்பேக் உண்டா, பின் சீட் வரை வருகிறதா, இ.எஸ்.சி. இந்த வேரியன்ட்டில் இருக்கிறதா’ என்று கேளுங்கள். நட்சத்திர மதிப்பீடு இருந்தால் கம்பச் சோதனையின் முடிவையும் பாருங்கள்.

*சீட் கவர் தைக்கும்போது:* மார்பைக் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக் பல கார்களில் இருக்கையின் ஓரத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே சின்ன எழுத்து இருக்கும். கடையில் இறுக்கித் தைத்த ரெக்சின் உறை அதை அடைத்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பைப் பணம் கொடுத்தே பூட்டிவிடாதீர்கள்.

*உட்காரும்போது:* பின் சீட்டிலும் பெல்ட். போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது சட்டம். கதவில் சாய்ந்து, கண்ணாடியில் தலை வைத்துத் தூங்க வேண்டாம். அந்த ஒரு சாணையும் நாமே கொடுத்துவிடுகிறோம். குழந்தைக்கு மடி பாதுகாப்பாகாது. அதற்கென உள்ள இருக்கைதான் வேண்டும்.

*மோதிய பிறகு:* 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. தீயோ புகையோ இல்லாவிட்டால், சிக்கியவரைக் கை காலைப் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தும் இடுப்பும் முறிந்திருக்கலாம். ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று எழுந்து நிற்பவரையும் அனுப்பிவிடாதீர்கள். மண்ணீரல் கிழிந்தவர் முதல் அரை மணி நேரம் நன்றாகப் பேசக்கூடும். ஆம்புலன்ஸ் ஊழியரிடம் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்: எந்தப் பக்கம் அடி, இவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அறந்தாங்கியிலோ புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரியிலோ ஸ்கேன் எடுக்கிற மருத்துவர் எங்கே முதலில் பார்ப்பது என்று முடிவு செய்ய அது உதவும். உதவியவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு சொல்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரிலிருந்து ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. யாரிடம் பணம் இருக்கிறது என்று ரோட்டில் நின்று பேச வேண்டியதில்லை.

வாக்கியத்தை முடிப்போம்

மரத்தில் மோதிய வழக்குகளில் பெரும்பாலும் ‘அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் ஓட்டிய’ ஓட்டுநர் மீது முதல் தகவல் அறிக்கை. அவரே இறந்திருந்தால் வழக்கு அவரோடு முடிந்துவிடும். குற்றவாளி கிடைத்துவிட்டதால் காரணத்தை யாரும் தேடுவதில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸும் தேசிய தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம் 2021 முதல் போலீஸ்காரரின் கைபேசிக்கு வந்துவிட்டது. நடந்த இடத்திலேயே படத்தோடு பதியலாம். டேப்பை விரித்து, மரம் தாரிலிருந்து எத்தனை அடி, மோதியது எந்தக் கதவு என்று இரண்டு வரி சேர்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து ஆண்டு அப்படிப் பதிந்தால், கட்டுமாவடிக்கு வடக்கிலும் தெற்கிலும் எந்த மரத்துக்கு முன்னால் தடுப்பு வேண்டும் என்று எந்த நிபுணரையும் கேட்காமல் சொல்லிவிடலாம்.

தூக்கம் மனிதருக்கு வரும். அதற்குத் தண்டனை உண்டென்றால், அது ஒரு நசுங்கிய கதவாகவோ பழுது பார்க்கும் பில்லாகவோ இருக்கட்டும். கார் தயாரிப்பாளர் கதவுக்குள் கொடுக்க முடிந்தது ஒரு சாண். மீதி இடத்தைச் சாலைதான் கொடுக்க வேண்டும். அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது இப்படி இருந்தால் போதும்: ‘கட்டுப்பாட்டை இழந்த கார், தாரிலிருந்து மூன்றடி தள்ளி நின்ற புளியமரத்தில் இடப்பக்கக் கதவால் மோதியது. மரத்துக்கு முன்னால் தடுப்பு இல்லை.’ படிக்கிற பொறியாளர் ஒருவருக்காவது இது தன்னைப் பற்றிய செய்தி என்று புரியும்.